நம்பர் பொடி

"கண்டுபிடித்துவிட்டோம் ஹசீனா" என்றார் மார்கிட். "முப்பத்தெட்டுக் குழந்தைகள், மூன்று நாடுகள். எல்லார் வயிற்றிலும் ஒரே நம்பர். உங்கள் பக்கத்து நம்பர்."

எனக்கு உட்கார்ந்து பேச வராது. போனைக் காதில் வைத்த அடுத்த நொடி கால் நடக்க ஆரம்பித்துவிடும். அன்றைக்கும் ஆய்வுக்கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தபடியே, "எந்த நம்பர்?" என்றேன்.

"நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு."

"சந்தேகமே இல்லையா?"

"முப்பத்தெட்டில் முப்பத்தெட்டு. இவ்வளவு தெளிவான ஒரு முடிவை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. வாழ்த்துகள். நம் திட்டம் வேலை செய்கிறது."

வாழ்த்துகளாம்! குழந்தைகள் சலைன் பாட்டிலோடு படுத்துக் கிடக்கின்றன, எங்களுக்கு வாழ்த்துகள். ஆனால் பொய் சொல்லக்கூடாது. அந்த ஒரு நொடி எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. பத்து வருஷ உழைப்பு அது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது நாடுகள் சேர்ந்து நடத்தும் உணவுப் பாதுகாப்பு ஆராய்ச்சி இது. எஸ்தோனியாக்காரரான மார்கிட் அதன் தலைவர். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் எள் விளையும் ஓடைமேட்டூருக்கு நான் பொறுப்பு. மண்ணில் சும்மா வாழ்கிற, யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு பாக்டீரியாவை எடுத்து, அதன் மரபணுவில் ஓர் எண்ணை எழுதிவிடுகிறோம். ஒரு வயலுக்கு ஓர் எண். அந்தப் பொடியை விதையோடு கலந்து விதைத்தால் அது செடியோடு வளரும், காய்க்குள் புகுந்துகொள்ளும், வறுத்தாலும் அரைத்தாலும் அழியாது, தின்றவர் வயிறு வரைக்கும் போகும். உலகத்தின் எந்த மூலையில் யாருக்கு வயிறு கெட்டாலும், எண்ணைப் படித்தால் வயல் தெரிந்துவிடும். வயல் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். 'ஓர் எண், ஒரு வயல், ஒரு பேர்' என்று எங்கள் கோப்பையில், பேனாவில், தோள்பையில் எல்லாம் அச்சடித்து வைத்திருக்கிறோம்.

ஓடைமேட்டூர்க்காரர்கள் இதற்கெல்லாம் அசரவில்லை. 'நம்பர் பொடி' என்று பேர் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நூற்றுப் பதினேழு குடும்பங்களையும் பால் சொசைட்டிக் கட்டடத்தில் கூட்டி நான்தான் பேசினேன். "இது யாரையும் மாட்டிவிடறதுக்கு இல்ல. தப்பு எங்க நடக்குதுன்னு பார்க்கத்தான்" என்றேன். கைதட்டினார்கள்.

"அடுத்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும்" என்றார் மார்கிட்.

தெரியும். பதினான்கு நாளில் அந்த வயல் சிவப்புப் பட்டியலில் ஏறும். ஏழு வருஷத்துக்கு அங்கே விளைந்த ஒரு மணியைக்கூட ஒன்பது நாடுகளில் எவரும் வாங்கக் கூடாது. உள்ளூர் விற்பனைக் கூடத்திலும் எடை போட மாட்டார்கள். அந்த விதியை ஓட்டுக்கு விட்டபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

கணினியில் எண்ணைத் தட்டினேன். பேர் வந்தது. அஞ்சலாட்சி, வயது ஐம்பத்திரண்டு, ஒன்றரை ஏக்கர்.

*

ஓடைமேட்டூர் உழவர் குழுவின் செயலாளர் தனவேல், பால் சொசைட்டி வாசலிலேயே எனக்காக நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"ஒருத்தரோட போச்சா மேடம்? மத்த வயலெல்லாம் பச்சப் பட்டியல்லதான இருக்கு?"

"மத்ததுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்பாடா" என்று விட்ட மூச்சைச் சட்டென்று பாதியில் நிறுத்திக்கொண்டார். வெட்கப்பட்டார் போல. "அதுக்குச் சொல்லல மேடம். அஞ்சலாட்சி பாவம். ஆனா நூத்திப் பதினாறு குடும்பமும் இருக்குதில்ல."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவர் கணக்கும் எங்கள் கணக்கும் ஒன்றுதானே!

அஞ்சலாட்சியின் வீடு தெருக் கடைசியில் இருந்தது. ஓட்டு வீடு, வாசலில் ஒரு முருங்கை. அவர் தார்ப்பாயில் எள்ளைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தக் கை நிற்கவே இல்லை.

"புள்ளைங்களுக்கு என்னா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"முப்பத்தாறு பேர் தேறிட்டாங்க. ரெண்டு பேர் இன்னும் ஆஸ்பத்திரியில."

"என் எள்ளாலயா?"

"அப்படித்தான் மெஷின் சொல்லுது."

"நீங்க என்னா சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. "பார்த்துட்டுச் சொல்றேன் அக்கா" என்று எழுந்துவிட்டேன். மண் எடுத்தேன், கிணற்றுத் தண்ணீர் எடுத்தேன், வீட்டில் இருந்த எள் எடுத்தேன், கோழிக்கூண்டு இருந்த இடத்தைக்கூடச் சுரண்டி எடுத்தேன். நோய்க்குக் காரணமான சால்மோனெல்லா கிருமி ஒன்றிலாவது இருந்தாக வேண்டும். மூன்று நாள் வளர்த்துப் பார்த்தேன். எதிலும் இல்லை. அந்தம்மாள் வீட்டுத் தண்ணீர் எங்கள் ஆய்வுக்கூடக் குழாய்த் தண்ணீரைவிடச் சுத்தமாக இருந்தது, போங்கள்.

இன்னொன்றும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. போன வருஷம் அஞ்சலாட்சி விற்றது மொத்தம் மூன்று மூட்டை. மூன்றே மூட்டை! அந்த எள் மூன்று நாட்டுக்குப் போய், முப்பத்தெட்டுக் குழந்தைகளையும் எப்படித் தேடிப் பிடித்தது? பரங்கிப்பேட்டையிலிருந்து போன் செய்த என் அம்மா, "என்ன புள்ள, குரலே ஒரு மாதிரி இருக்கு" என்றார். "ஒண்ணுமில்லம்மா, மூணு மூட்டை எள்ளு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ.

மார்கிட்டிடம் கேட்டேன்.

"ஆலையில் எல்லாவற்றையும் கலப்பார்கள் ஹசீனா. ஒரு மூட்டை கெட்டிருந்தால் நாற்பது டன்னும் கெடும். நடக்கக்கூடியதுதான்."

"அந்தக் குழந்தைகள் வயிற்றில் வேறு எண்களே இல்லையா?"

"நிறைய இருந்தன. ஒவ்வொருவரிடமும் பத்துப் பன்னிரண்டு. ஆனால் ஆளுக்கு ஆள் வேறு வேறு. எல்லாரிடமும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்."

"பொதுவாக இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடுமா?"

மார்கிட் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போது அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். "அந்த இரண்டு குழந்தைகளில் ஒருத்தி என் பக்கத்து வீடு" என்றார். "நான்கு வயது. தினமும் காலையில் அவள் அம்மா என்னைப் பார்த்து, தெரிந்ததா என்று கேட்கிறாள். தெரிந்துவிட்டது என்று நேற்றுத்தான் சொன்னேன். வேறு பதில் இருந்தால் கொண்டு வாருங்கள். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது."

*

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் ஓடைமேட்டூரில் இருந்தேன். எதைத் தேடிப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மாசி மாதம், எள் விதைப்பு தொடங்கியிருந்தது. அஞ்சலாட்சி வீட்டு வாசலில் பூங்காவனம் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும், பக்கத்து வயல்காரி. கையில் பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர், அதில் ஒரு வேப்பங்கொத்து.

"அத்த, நாளு நல்லாருக்கு. மொதக் கை நீங்க வந்து வச்சிட்டுப் போங்க."

நான் குறுக்கே விழுந்தேன். "பூங்காவனம், இவங்க வயல் மேல புகார் வந்திருக்கு. தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம். தனவேலண்ணன் ஊரு பூரா சொல்லிடுச்சி."

"தெரிஞ்சுமா கூப்பிடறே?"

"அது வயலு. இது கையி" என்றாள், எனக்கு ஒன்றுமே தெரியாது என்கிற மாதிரி. "எங்க அத்த கைராசி ஊரறிஞ்சது மேடம். அவங்க மொதக் கை வீசாத வருசம் எங்களுக்கு ரெண்டு மூட்டகூடத் தேறல."

அஞ்சலாட்சி முகம் கழுவி, தலை முடிந்து, வெளியே வந்தார். அன்றைக்குத் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தவர்தானா என்று இருந்தது. நிமிர்ந்து நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வழியில் அவராகவே சொன்னார். "எங்க வூட்டுக்காரரு போயி பதினோரு வருசம் ஆவுது. கல்யாணத்துக்குப் பத்திரிக வைப்பாங்க, போவன். தாலி கட்டறப்ப பந்தக் கால்கிட்ட நின்னுக்குவன், முன்னால போவ மாட்டன். வளகாப்புக்குப் போறதே இல்ல. ஆனா வெதைக்கணும்னா என்னயத்தான் முன்னால வுடுவாங்க. வயசான ஆம்பளைங்ககூட ஒதுங்கி வழி வுடுவாங்க. அது ஒண்ணுதாம்மா எனக்கு."

வரப்பில் பூங்காவனத்தின் வீட்டார் எள்ளையும் மணலையும் அவர்களுடைய நம்பர் பொடியையும் ஒரு கூடையில் கலந்து வைத்திருந்தார்கள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே, அளவு பிசகாமல். அஞ்சலாட்சி கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். இடுப்பு மடியை அவிழ்த்தார். அதிலிருந்து ஒரு கை நிறைய எதையோ அள்ளி அந்தக் கூடையில் போட்டு, நன்றாகப் பிசறினார். பிறகுதான் முதல் கை எடுத்து வீசினார்.

"அக்கா! இப்ப என்ன போட்டீங்க அதுல?"

"என் வெத."

"உங்க வெதயா? எதுக்கு?"

"வெறுங்கைய வீசிட்டு வரக்கூடாதும்மா. நம்ப வெதயும் கூடப் போனாத்தான் ராசி ஒட்டும். எங்க அம்மா காலத்துலேர்ந்து அப்பிடித்தான்."

என் குரல் கிறீச்சிட்டது. "அதுல நம்பர் பொடி கலந்திருக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்கதான சொன்னீங்க, பொடி கலக்காத வெத ஒண்ணுகூட மண்ணுல வுழக்கூடாதுன்னு?"

"எத்தனை வீட்டுக்கு இப்படிக் கை வைப்பீங்க?"

"எல்லாருக்குந்தான். ஊரு பூரா." கொஞ்சம் யோசித்தார். "அந்த ஏழு வூட்டத் தவிர. அவங்க எங்க பங்காளிங்க, பேச்சுவார்த்த கெடயாது."

நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. பூங்காவனம் பயந்துபோய்ச் சொம்புத் தண்ணீரை என் முகத்தில் தெளித்தாள்.

*

அன்றே பத்து வீட்டு எள்ளை எடுத்துப் படித்தேன். எட்டு வீட்டு எள்ளில் இரண்டு எண்கள்: அந்த வீட்டு எண்ணும், நாலாயிரத்து நானூற்றுப் பதினேழும். மீதி இரண்டும் பங்காளி வீடுகள். அவற்றில் சொந்த எண் மட்டும். ஒரு கைப்பிடி விதையில் வந்த பாக்டீரியா, ஒரு பருவத்துக்குள் வயல் முழுக்கப் பெருகியிருந்தது.

மார்கிட்டைக் கூப்பிட்டேன். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலம். அவருடையது எஸ்தோனியாவில் பிறந்தது, என்னுடையது பரங்கிப்பேட்டையில். இரண்டிலும் கைராசிக்கு வார்த்தை இல்லை.

"அதிர்ஷ்டக் கை?" என்றார்.

"அதிர்ஷ்டம் தனக்கு வருவது. இது அடுத்தவருக்குக் கொடுப்பது."

"சடங்கா?"

"சடங்கு என்று சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். டாக்டர்களில்கூட ஒருத்தரைக் கைராசிக்காரர் என்று தேடிப் போவோம். சரி, அதை விடுங்கள். ஊரில் நடக்கிற எல்லாக் கல்யாணத்திலும் ஒருத்தரைப் பார்க்கிறீர்கள். அதனால் அவர்தான் மாப்பிள்ளை என்று சொல்வீர்களா? அவர் நாதஸ்வரக்காரர் மார்கிட்! உங்கள் கணினி அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு தாலி கட்டு என்கிறது."

மார்கிட் சிரிக்கவில்லை. நான் அனுப்பிய முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி முடிவையும் பார்த்துவிட்டு, "அப்படியானால் காரணம் வயலில் இல்லை" என்றார்.

"வயலில் இல்லை. எல்லா வயல் எள்ளும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு, ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது. தோல் நீக்குகிற ஆலை, கிடங்கு, எதுவாகவும் இருக்கலாம். அங்கே தேடுங்கள்."

"அந்த இடங்களுக்கு எண் கிடையாதே."

"அதுதான்! விவசாயிக்கு நம்பர் போட்டோம். ஆலைக்குப் போடவில்லை. நம்பர் இருக்கிறவள் மாட்டிக்கொண்டாள்."

இதைச் சொல்லும்போது நான் கத்தினேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மார்கிட் அடுத்த நாளே ஆட்களை அனுப்பினார்.

ஐந்தாம் நாள் கிடைத்துவிட்டது. பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லாத ஒரு துறைமுக நகரத்தில், ஓடைமேட்டூர் எள்ளைத் தோல் நீக்க ஊறப்போடுகிற ஒரு தொட்டி. அடிக்குழாயில் விரிசல். உள்ளே சாக்கடைத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் பன்னிரண்டு டன் எள் அதில் ஊறி, கடைகளுக்குப் போகத் தயாராக இருந்தது. அதை நிறுத்தினார்கள். அன்றைக்கு மாலை மார்கிட் பேசும்போது அவர் குரல் உடைந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை கண் விழித்துவிட்டதாம், தண்ணீர் கேட்டதாம்.

"உங்களால்தான்" என்றார். "உங்கள் அஞ்சலாட்சியின் பேரை நீக்கிவிட்டேன்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு, "மூணு மூட்டை ஜெயிச்சிருச்சும்மா" என்றேன்.

"ஒரே ஒரு வேலை மிச்சம்" என்று மார்கிட் தொடர்ந்து சொன்னார். "நூற்றுப் பத்து வயல்களின் எண்கள் கலந்துபோயிருக்கின்றன. இப்படியே விட்டால் முழுக் கிராமத்தையும் பச்சைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்வார்கள். இது இனி நடக்காது என்று ஒரு விதி எழுதிக் கொடுத்தால் மற்ற எட்டு நாடுகளையும் சமாளிப்பேன். அந்த வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே எழுதிவிடுங்கள்."

எழுதினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. 'ஒரு வயலுக்கு எண்ணிடப்பட்ட விதையோ, அவ்விதையைக் கையாண்ட நபரோ, அதே பருவத்தில் மற்றொரு வயலின் விதைப்பில் பங்குபெறலாகாது. மீறின், இரு வயல்களும் பச்சைப் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.' விதையை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். பாக்டீரியா மூன்று நாள் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது ஞாபகம் வந்தது. ஓட்டை வைத்து எழுதுவது எனக்குப் பிடிக்காது. நபரையும் சேர்த்தேன். ஒன்பதாம் விதி என்று எண் கொடுத்து அனுப்பிவிட்டு, நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். ஒன்பது நாடுகளும் ஒரு வாரத்தில் ஒப்புக்கொண்டன.

*

அஞ்சலாட்சி மேல் குற்றமில்லை என்கிற கடிதம் தயாராகிக் கைக்கு வரக் கார்த்திகை ஆகிவிட்டது. அடுத்த எள் பட்டம். நல்ல தாள், ஒன்பது கொடிகள், தமிழிலேயே வாசகம். தபாலில் அனுப்ப மனமில்லாமல் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

பால் சொசைட்டிச் சுவரில் பெரிய சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ஒரு கை, அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு, கீழே ஒன்பதாம் விதி. எங்கள் அலுவலகம் அச்சடித்தது. தனவேல் ஒரு பெட்டியிலிருந்து ரப்பர் கையுறைகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நூத்திப் பதினேழு வூட்லயும் அவங்கவங்களேதான் வெதைக்கிறாங்க மேடம். ஒருத்தரும் மீறல. ஊரையே காப்பாத்திட்டீங்க" என்று கும்பிட்டார். இந்தத் தடவை அவர் சந்தோஷத்தில் வெட்கம் இல்லை.

அஞ்சலாட்சி தன் வயலை விதைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே போய் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கடிதத்தை நீட்டினேன். ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, கடைசிவரைக்கும் படித்தார். படித்ததையே இன்னொரு தடவையும் படித்தார்.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்லக்கா. ஒன்பது நாட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"பாத்தன்."

"உங்களாலதான் அந்தத் தொட்டியே கிடைச்சது. எத்தனை புள்ளைங்க தப்பிச்சிருக்கு தெரியுமா?"

"நல்லாருக்கட்டும்."

அந்த முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது, உள்ளதைச் சொன்னால். ஒன்பது மாசம் இந்தப் பெண்மணிக்காக நாயாக அலைந்திருக்கிறேன்! "உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?" என்று கேட்டேவிட்டேன்.

"இல்லன்னு சொல்லக்கூடாது. என் எள்ளு வெல போவும். மூணு மூட்ட, நாலு மூட்ட, எதுவா இருந்தாலும்." தெருவில் பூங்காவனம் தலையில் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையுறை மாட்டிய கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஒதுங்கி, வேகமாகப் போய்விட்டாள். அஞ்சலாட்சி அவள் தெரு திரும்புகிற வரைக்கும் பார்த்தார்.

"அவளக் குத்தம் சொல்ல முடியாது. என்கிட்ட நின்னு பேசினாலே பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அவ எள்ளும் விக்கணுமில்ல?"

"அப்படியெல்லாம் இல்லக்கா. விதைக்கிறப்ப மட்டும்தான்."

"வெதைக்கிறப்ப மட்டும்" என்றார் அவர், மெதுவாக. "மாசியில என் நெலத்துல வெசம்னு ஊரு பூராப் பேச்சு. அப்ப என் வாசல்ல முப்பது பேர் வந்து நின்னாங்கம்மா. வெசம்னு தெரிஞ்சே வந்தாங்க. இப்ப நான் சுத்தம்னு காயிதம் வந்திருக்கு. ஒருத்தர் வரல."

எனக்கு அழுகை முட்டியது. அவர் அழவில்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, அடியில் இருந்த சின்ன எழுத்தில் விரலை வைத்தார்.

"இந்த ஒம்பதாவத யாரு எழுதனது?"

ஒன்பது நாடுகள் என்று சொல்லியிருக்கலாம். குழு என்றோ, மேலிடம் என்றோ, மார்கிட் என்றோகூடச் சொல்லியிருக்கலாம்.

"நான்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை மடித்து, என் மடியில் வைத்தார்.

"அப்பன்னா அடிக்கவும் உங்களால ஆவும். என்னய அந்தச் செவப்புலயே போட்டுட்டு, இந்த ஒம்பதாவத அடிச்சிடுங்கம்மா. ஏழு வருசந்தான, ஓட்டிடுவன்."